காணி ஒருவருக்கு, மாடு ஒருவருக்கு
கூட்டு மேய்ச்சல் பற்றிய ஒரு பாடம்

இடம்பெயர்ந்து பல வருடங்கள் வெளியிடங்களில் வாழ்ந்து ஊர் திரும்பும் குடும்பங்களிடம் இரண்டு விதமான குறைகளைக் காண்கிறோம். ஒரு வீட்டில் காணி உண்டு, மாடு இல்லை. இருந்த பட்டி இடப்பெயர்வில் சிதறிப் போயிற்று; காணியும் பற்றையேறிக் கிடக்கிறது. அடுத்த வீட்டில் எப்படியோ தப்பிய ஐந்தாறு மாடுகள் உண்டு, அவற்றைக் கட்ட இடமில்லை. இந்த இரண்டு குறைகளையும் ஒன்றுசேர்த்தால் இருவருக்கும் ஒரு வழி பிறக்கும். அதையே கூட்டு மேய்ச்சல் என்கிறோம். சொந்த ஊருக்கு இன்னும் போக முடியாமல் உறவினர் காணியிலோ குத்தகைக் காணியிலோ இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இது நமக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தரிசு நாட்களில் தம் நிலத்தில் மற்றவருடைய மாடுகளையும் ஆடுகளையும் இரவில் பட்டி அடைப்பிப்பது பழைய வழக்கம். பங்குக்கு மாடு வளர்ப்பதும் நாம் அறிந்ததே. அந்தப் பழக்கத்தோடு புல் வளர்ப்பையும் சேர்ப்பதே இந்தப் பாடம்.

ஏன் இப்போது தேவை?

பெரும்போகத்தில் வயலெல்லாம் பயிர். அறுவடை முடியும்வரை மாடுகளைத் தரவைக்கோ காட்டோரத்துக்கோ கொண்டுபோக வேண்டும். அந்தத் தரவைகள் குறைந்து வருகின்றன. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தம் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கியதை நாம் மறக்கவில்லை. பொதுத் தரவைக்கான உரிமையைக் கேட்பது ஒருபுறம் நடக்கட்டும். மறுபுறம், கைவசமுள்ள காணியில் கொஞ்சம் புல்லையாவது உண்டாக்குவோம். மேய்ச்சல் இல்லாத மாடு கட்டாக்காலியாகி அயலவன் பயிரில் இறங்கும். அதனால் வரும் பகை, பயிர் அழிவிலும் பெரிது.

காணிக்காரருக்கு என்ன இலாபம்?

முதல் இலாபம் எரு. 200 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளில் ஏறக்குறைய 10 கிலோ சாணம் போடும். இரவில் அதில் பாதி விழுகிறது என்று கொள்வோம். 20 மாடுகளைப் பத்து இரவுகள் அடைத்தால் 1,000 கிலோ சாணம் நிலத்திலேயே சேரும். சலமும் வீணாகாமல் மண்ணில் ஊறும். ஏற்றுக்கூலி இல்லை. அடைப்பைச் சில நாட்களுக்கு ஒருமுறை நகர்த்தினால் காணி முழுவதும் உரம் பெறும்.

எதை நடுவது?

ஒருமுறை நட்டால் பல வருடம் பலன் தருவனவற்றையே தெரிவு செய்யுங்கள். கினியாப்புல்லை வேரோடு பிடுங்கிய தூர்களாக, முதல் மழை நன்றாக விழுந்ததும் நடலாம். நீர் வசதி உள்ள இடத்தில் சீஓ-3 புல்லைக் கணுவுள்ள தண்டுகளாக நட்டு வெட்டிக் கொடுக்கலாம். வேலிக்குச் சீமைக்கிளுவை, முள்முருக்கு, பூவரசு ஆகியவற்றின் கதியால்களை நாட்டுங்கள். வேலியும் ஆகும், கோடையில் குழையும் ஆகும். சீமைக்கிளுவைக் குழையைச் சற்று வாடவிட்டுக் கொடுத்தால் மாடு விரும்பித் தின்னும். இப்பில் இப்பில் குழையை அளவோடு, மற்றப் புல்லுடன் கலந்தே கொடுக்க வேண்டும். அளவு மீறினால் மயிர் உதிரும்.

எப்படி மேய்ப்பது?

புதுப் புல்லில் அவசரப்பட்டு மாட்டை விடக்கூடாது. ஒரு தூரைக் கையால் இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் இன்னும் காலமாகவில்லை. முதல் தடவை அரிவாளால் வெட்டிக் கொடுப்பதே நல்லது.

வேர் பிடித்தபின் காணியை ஐந்து அடைப்புகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிழமை மேய்த்தால், மேய்ந்த இடத்துக்கு நான்கு கிழமை ஓய்வு கிடைக்கும். புல் ஒரு சாண் உயரத்துக்குக் குறையுமுன் மாட்டை மாற்றிவிடுங்கள். அடிவரை கடித்த புல் தளிர்க்கத் தாமதிக்கும். அந்த இடைவெளியில் களை புகும். கோடையில் புல் மெதுவாக வளருவதால் ஓய்வு நாட்களைக் கூட்ட வேண்டும், அல்லது மாட்டின் தொகையைக் குறைக்க வேண்டும். தென்னங்காணியானால், ஓலை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு மரம் வளர்ந்த பின்னரே மாட்டை விடுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

நல்ல உறவும் பேசாமல் விட்ட ஒரு விடயத்தால் முறியும். ஆகவே கமக்காரர் அமைப்பினர் முன்னிலையில் இவற்றை எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள்:

1. எத்தனை மாடு, எத்தனை காலம். புல் வேரூன்றவே ஒரு மாரி செல்லும். ஆகையால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது.
2. வேலிச் செலவும் புல் நடும் உழைப்பும் யாருடையவை.
3. எரு, பால், கன்று எவ்வாறு பங்கிடப்படும்.
4. மாடு பயிரை அழித்தால் அல்லது நோயால் இறந்தால் நட்டம் யாருக்கு.
5. மேய்ப்பதற்கு மட்டுமே அனுமதி. காணி உரிமை மாறாது. உரிமையாளர் வெளிநாட்டிலோ வேறூரிலோ இருந்தால் அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத பற்றைக்காணிக்குள் மாட்டையும் விடவேண்டாம், மாட்டைத் தேடிப் பிள்ளைகளையும் அனுப்பவேண்டாம். இரண்டு வீட்டு மாடுகள் ஒன்றாகச் சேருமுன் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, கால்வாய் நோய்க்கும் தொண்டையடைப்பானுக்கும் ஊசி போடுவியுங்கள்.

பெரிதாகத் தொடங்க வேண்டாம். இரண்டு குடும்பம், இரண்டு பரப்பு, ஒரு வேலி போதும். இரண்டு பரப்புப் புல் ஒரு பட்டிக்குப் போதாதுதான். ஆனால் ஒரு பால்மாட்டின் தீனிக்குக் கைகொடுக்கும். ஒரு மாரி கழிந்து புல்லைப் பார்த்த அயலவர் தாமே வந்து கேட்பார்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. நமது ஊரில் மேய்ச்சலின்றி இருக்கும் மாடுகள் எத்தனை? பற்றையேறிக் கிடக்கும் காணிகள் எவை?
2. முன்பு ஊரில் பட்டி அடைத்தவர்கள் என்ன ஒழுங்கு வைத்திருந்தார்கள்? மூத்தவர்களிடம் கேட்டறிவோம்.
3. கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இந்த உடன்படிக்கையில் ஏமாறாமல் இருக்க நாம் என்ன செய்யலாம்?