டாக்டர் பெயர் சொல்லும் வரை: வீட்டுக்குச் சில குறிப்புகள்

அப்பாவுக்குக் கை கால் ஆடியது, இப்போது அண்ணனுக்கும் ஆடுகிறது, பரம்பரையோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், விரல்கள் தானாகத் துள்ளுவதும் காரணமில்லாத கோபமுமாகத் தொடங்கும் ஹன்டிங்டன் என்ற மூளை நோய் அப்படிப்பட்டதுதான். அதுதானா என்று உறுதியாக மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம் தோழிகளே, காசையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும் வேலைகள் நிறைய இருக்கின்றன.

1. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளை வீசாதீர்கள். டம்ளர் நழுவியது, படியில் தடுமாறியது, ராத்திரி தூங்கவில்லை என்று அன்றன்றைக்கு ஒரு வரி எழுதி கிளிப் போட்டு வையுங்கள். தேதி தாளிலேயே இருப்பதால், "எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்காது.

2. டாக்டர் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் எல்லாமே தெரிந்துவிடாது. நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, மடியில் கை வைத்து டிவி பார்ப்பது என்று மூன்று சின்ன வீடியோ போனில் எடுத்து வையுங்கள். உடம்பு சரியில்லாதவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

3. பரணில் கிடக்கும் பழைய கல்யாண கேசட்டுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் தோள் குலுங்குகிறதா, கால் ஓயாமல் தாளம் போடுகிறதா என்று பாருங்கள். ஸ்டுடியோவில் கொடுத்து போனுக்கு மாற்றிக்கொண்டால் டாக்டரிடமும் காட்டலாம்.

4. வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று எல்லோரும் கூடும்போது, இருப்பதிலேயே வயதான அத்தையை ஓரமாக உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். "நம்ம வீட்ல யாருக்காவது நரம்பு வியாதி உண்டா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லையே" என்றுதான் பதில் வரும். "சின்னத் தாத்தா தள்ளாடித்தான் நடப்பாராமே, குடிப்பாரா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். "அய்யோ, ஒரு சொட்டு தொட மாட்டார்டி, அவருக்குக் கை கால் ஒரு இடத்துல நிக்காது" என்று கொட்டிவிடுவார். பெயர், எந்த வயதில் தொடங்கியது, எந்த வயதில் போனார் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், தாய்வழி தந்தைவழி இரண்டிலும்.

5. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவள் தப்பித்தாள் என்று கணக்குப் போடாதீர்கள். ஹன்டிங்டனைத் தரும் மரபணு உள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் காசு புதிதாகத்தான் சுண்டப்படுகிறது. அந்த மரபணு வராத பிள்ளை அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாது.

6. வீட்டில் அவர் சாப்பிட்ட, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாந்திக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகளே இப்படிக் கை காலை ஆட்டிவைக்கும் (அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). தைராய்டு கோளாறும், உடம்பில் தாமிரம் சேரும் வில்சன் நோயும்கூட இதைப்போலவே தோற்றம் காட்டும். வில்சனும் பரம்பரை நோய்தான், ஆனால் அதற்கு நல்ல மருந்து உண்டு. ஆகவே பரம்பரை என்றதுமே எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

7. ஹன்டிங்டன் மரபணுவை 1993இல் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் ரத்தப் பரிசோதனையே போதும். சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அதில் எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவார்கள்: 26 வரை இயல்பு, 36 முதல் 39 வரை நோய் வரலாம், வராமலும் போகலாம், 40 அல்லது அதற்கு மேல் என்றால் வரும். நரம்பியல் டாக்டர் எழுதித் தராமல் நாமாக லேபில் கொடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் ஆலோசனையும் சேர்ந்தே கிடைக்கும்.

8. நன்றாக இருக்கும் தம்பி தங்கையை "நீயும் டெஸ்ட் எடுத்துக்கோ" என்று நெருக்காதீர்கள், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு முன் இந்தப் பரிசோதனை செய்வதில்லை.

9. சமையலறையில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் லீவு கொடுத்துவிட்டு, கனமான எவர்சில்வர் டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுங்கள். தட்டுக்கு அடியில் ஈரத்துணியை நான்காக மடித்துப் போட்டால் தட்டு நகராது. விளிம்பு உயர்ந்த தட்டு இருந்தால், பருப்புச் சாதம் ஓரத்தில் சிந்தாமல் கரண்டியில் ஏறும்.

10. ஓயாத ஆட்டத்தில் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்து நெய், வேர்க்கடலை, வாழைப்பழம் என்று தாராளமாகச் சேருங்கள் (சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு). தண்ணீர் புரையேறினால் கஞ்சி, கூழ் பதத்துக்குப் போங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடட்டும். புரையேறுவது தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

11. தடுக்கும் லுங்கிக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பேன்ட். குளியலறையில் ரப்பர் மேட்டும் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் போடுங்கள், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். ஸ்கூட்டர் சாவியை இப்போதே பேசி வாங்கி வைப்பது நல்லது.

12. "என்ன சாப்பிடுறீங்க?" என்றால் எரிச்சல் வரும், "இட்லியா, தோசையா?" என்றால் பதில் வரும். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். கோபம் ஏறுகிறதே என்று பட்டால் நேரத்தைப் பாருங்கள், பாதி நாள் பசியாகத்தான் இருக்கும்.

13. கரண்ட் பில், பிரீமியம் எல்லாவற்றையும் வங்கியில் தானாகக் கட்டும்படி மாற்றிவிடுங்கள். கணக்குகளில் நாமினி பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். புதிதாக எடுப்பதென்றால் படிவத்தில் கேட்டதை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தது தெரிந்தால் க்ளெய்ம் வராது.

14. தெருவில் "காலையிலேயே போட்டுட்டான்" என்ற பேச்சு வந்தே தீரும். "நரம்பு வைத்தியத்தில் இருக்கிறார், குடிபோதை அல்ல" என்று உங்கள் போன் நம்பரோடு ஒரு அட்டை எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். கயிறு, தாயத்து, லேகியம் என்று வருகிற யோசனைகளுக்கு ஒரு கும்பிடு போதும். ஹன்டிங்டனை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் எங்கும் இல்லை, ஆனால் ஆட்டத்தையும் மனச்சோர்வையும் குறைக்க மருந்துகள் டாக்டரிடமே உண்டு.

15. கை கால் ஆடுவதற்குச் சில வருடங்கள் முன்பே மனம் சோர்ந்துபோவது இந்த நோயில் உண்டு. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் அலுப்பில் சொல்கிறார் என்று விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கவனித்துக்கொண்டு களைத்துப்போகும் உங்களுக்கும் அதே எண்தான்.