கொலைக்கு முந்தைய பத்து வருஷம்

"பொண்டாட்டி புருஷனைக் கொன்னுட்டா"ன்னு ஒரு செய்தி வந்தா போதும், நம்ம குரூப்பில் மீம்ஸ் குவிந்துவிடும். 'ஏன்?' என்ற கேள்வி மட்டும் வராது. இந்த இதழில் அதைக் கேட்டுப் பார்ப்போமா?

எல்லாப் பெண்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2007 கடைசியில் பெங்களூரில் பிடிபட்ட 'சயனைடு மல்லிகா' கோவிலுக்கு வரும் பெண்களிடம் பழகி, சயனைடு கொடுத்து, நகையைப் பறித்தவர். அங்கே காரணம் பணத்தாசை. அதற்கு அனுதாபம் தேவையில்லை.

இப்போ கிரண்ஜித் அலுவாலியாவைப் பாருங்க. பஞ்சாபில் பிறந்தவர். 1979-ல் கல்யாணம், பிறகு இங்கிலாந்தில் வாழ்க்கை. பத்து வருஷம் அடி, உதை, கொலை மிரட்டல். கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியும் அடி நிற்கவில்லை. 1989 மே மாதம் ஒரு ராத்திரி, சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தருகே கொண்டுவந்து மிரட்டிவிட்டுத் தூங்கப் போனான் கணவன். அவர் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாளில் கணவன் இறந்தான். கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை.

சட்டம் எங்கே இடித்தது தெரியுமா? 'திடீர்' என்ற ஒரு சொல்லில். கோபமூட்டியதும் அந்த நொடியே கை ஓங்கினால் ஆத்திரம். கொஞ்சம் பொறுத்துச் செய்தால் திட்டமிட்ட கொலை. உடம்பில் பலம் இருப்பவன் அந்த நொடியே திருப்பி அடிச்சிடுவான். பயத்திலேயே வாழ்ந்தவளுக்கு, எதிரி தூங்கும்போதுதானே கை எழும்?

சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோபமூட்டல் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் அவருடைய மனச்சோர்வு பற்றிய புதிய மருத்துவச் சான்றைப் பார்த்துத் தண்டனையை ரத்து செய்தது. பிறகு கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக அது மாறியது. ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனையாகி, அவர் வெளியே வந்தார். பின்னாளில், 2009-ல் இயற்றிய சட்டத்தில், நிதானம் இழப்பது 'திடீரென' நடந்திருக்க வேண்டியதில்லை என்று இங்கிலாந்து மாற்றிக்கொண்டது.

நம்ம ஊரிலும் இந்தக் கேள்வி எழுந்தது. கணவன் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கு. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை 'நல்லதங்காள்' மனநிலை என்றே குறிப்பிட்டு, நாள்பட்டுச் சேரும் கோபமூட்டலும் கணக்கில் வரும் என்றது. ஆனா இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 101-ஆம் பிரிவில் அந்த 'திடீர்' அப்படியே இருக்கு.

காரணத்தைப் புரிந்துகொள்வது வேற, கொலையை நியாயப்படுத்துவது வேற. புரிந்தால்தான் அடுத்த சாவைத் தடுக்க முடியும். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டா "அது குடும்ப விஷயம்"னு கதவைச் சாத்தாதீங்க. பெண்கள் உதவி எண் 181. இப்பவே போனில் சேமிச்சு வையுங்க.