மீட்டரின் துடிப்பும் நுகர்வோரின் உரிமையும்

மின்சாரம் அளந்து விற்கப்படும் பண்டமாகும். அளவுகோலின் மீது விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே நம்பிக்கை கொண்டாலன்றி இவ்வாணிபம் செம்மையாக நடைபெற இயலாது. சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்கப்படல் வேண்டும் என்பதை 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 55-ஆம் பிரிவில் வலியுறுத்துகிறது. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய சீரமைக்கப்பட்ட மின் விநியோகத் துறைத் திட்டம், சுமார் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவதை இலக்காகக் கொண்டது. இந்நிலையில், மீட்டருக்குள் நிகழும் கணக்கீடு வெளியே எவ்வாறு புலப்படுகிறது என்பதை மாணவர்களும் அலுவலர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

தட்டும் துடிப்பும்

பழைய மீட்டர்களில் அலுமினியத் தட்டு ஒன்று சுழலும். மின் நுகர்வு கூடினால் தட்டு விரையும், குறைந்தால் தளரும். எழுத்தறியாதவரும் இதனைக் கண்ணால் கண்டறிய முடிந்தது. மின்னணு மீட்டரில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. அதிலுள்ள சில்லு, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, அவற்றைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வருகிறது. கூட்டுத்தொகை வரையறுத்த அளவை எட்டுந்தோறும் ஒரு துடிப்பு பிறக்கிறது. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்புகள் எனக் குறிக்கப்பட்டிருந்தால், 3200 துடிப்புகள் நிறைவுறும்போது ஒரு யூனிட் கணக்கில் ஏறும்.

துடிப்பு வெளிவரும் வழி

சில்லுக்குள் பிறந்த துடிப்பு தானாக வெளியே வந்துவிடுவதில்லை. மைக்ரோகன்ட்ரோலரின் விளிம்பில் உள்ள உலோகக் கால்களுக்குப் பின் அல்லது முனை என்று பெயர். அவற்றுள் பல முனைகள் உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ பயன்படக்கூடியவை. முதற்கண், திசையைத் தீர்மானிக்கும் பதிவகத்தில் உரிய பிட்டை மாற்றி, அம்முனை வெளியீட்டுக்கு உரியது என நிரல் அறிவிக்க வேண்டும். அடுத்து, துடிப்பை உண்டாக்கும் உட்பகுதியை அம்முனையுடன் இணைக்க வேண்டும். அல்லது நிரலே வெளியீட்டுப் பதிவகத்தில் 1, 0 என மாறி மாறி எழுத வேண்டும். 1 என்று எழுதினால் முனையில் ஏறத்தாழ 3.3 அல்லது 5 வோல்ட் தோன்றும். 0 என்றால் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமற் போகும். இப்படிகளுள் ஒன்று விடுபட்டாலும் உள்ளே கணக்கு நடந்துகொண்டிருக்க, வெளியே ஏதும் தோன்றாது.

முனையின் ஆற்றல் மிகச் சிறியது. சில மில்லி ஆம்பியருக்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. எனவே மின்தடை ஒன்றின் வழியாகச் சிறு எல்.ஈ.டி. விளக்கு அதனுடன் இணைக்கப்படுகிறது. மீட்டர் முகப்பில் இமைக்கும் செந்நிறப் புள்ளி இதுவே. சோதனைக்கூடங்களில் ஒளியுணர்வி கொண்டு இதே துடிப்புகளை எண்ணி, தரமான மீட்டருடன் ஒப்பிட்டுப் பிழையைக் கணிக்கின்றனர்.

வீட்டிலேயே ஒரு சோதனை

36,00,000 என்னும் எண்ணை முகப்பிலுள்ள துடிப்பெண்ணாலும், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட விநாடிகளாலும் வகுத்தால், அவ்வேளையில் செலவாகும் வாட் அளவு கிடைக்கும். 3200 துடிப்பு மீட்டரில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் எரிந்தால் 11.25 விநாடிக்கு ஒரு துடிப்பு நிகழும். 1000 வாட் வெந்நீர்க் கருவியானால் 1.125 விநாடிக்கு ஒன்று. எனினும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் இத்தகைய கருவி இழுக்கும் மின்திறன் 19 சதவீதம் குறையும். ஆதலின் சிறு வேறுபாட்டைக் கொண்டு மீட்டர் பழுது என முடிவு கட்டலாகாது. ஆனால் கணக்குக்கு இருமடங்கு துடித்தாலோ, அனைத்தையும் அணைத்த பின்னரும் இமைத்துக்கொண்டே இருந்தாலோ, மின்கசிவையும் மீட்டரையும் ஆராய வேண்டியது அவசியமாகும்.

2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளின்படி, மீட்டர் அளவு குறித்துப் புகார் வந்தால் 5 நாட்களுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது 3 மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். துடிப்பை எண்ணிக் குறித்து வைத்த நுகர்வோரின் புகார் வலுவுடையதாகும்.

மற்றொரு முனை

ஸ்மார்ட் மீட்டரில், இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயையும் சில்லின் முனையே ஆள்கிறது. முனையின் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டர் போன்ற இடைச்சுற்றால் பெருக்கப்பட்டு ரிலேயை இயக்குகிறது. கணநேரத் துடிப்பு ஒன்று போதும். வீடு இருளில் ஆழ்ந்துவிடும். மாணவன் படித்துக்கொண்டிருக்கலாம், நோயாளிக்கு மருந்து குளிர்பெட்டியில் இருக்கலாம். ஆகவே அக்கட்டளை உரிய இடத்திலிருந்துதான் வந்ததா எனச் சரிபார்க்கும் பாதுகாப்பும், தவறாகத் துண்டிக்கப்பட்ட இணைப்பை விரைந்து மீட்கும் நிர்வாக ஏற்பாடும் இருத்தல் வேண்டும்.

ஒரு முனை கணக்கை மக்களுக்குக் காட்டுகிறது. மற்றொன்று நிறுவனத்தின் ஆணையை நிறைவேற்றுகிறது. இரண்டாவது முனையின் அதிகாரம் முதல் முனையின் நேர்மையைச் சார்ந்தே நியாயம் பெறுகிறது. புதிய மீட்டரைப் பொருத்தும் அலுவலர், அதில் இமைக்கும் விளக்கைச் சுட்டிக்காட்டி அதன் பொருளை வீட்டாருக்கு விளக்கிச் சொல்வாராயின், இத்திட்டத்தின் மீது மக்களின் நம்பிக்கை வளரும்.