ஒழுக்கு எப்போது வருகிறது?



பழைய பாய்மரப் படகொன்றைப் பராமரிக்கக் கற்றுக்கொள்பவர், அதன் அடிக்குழியில், அதாவது உட்தளப் பலகைகளுக்குக் கீழே படகின் மிகத் தாழ்ந்த பகுதியில், இறைக்க இறைக்க நீர் சேர்வதைக் கண்டால், கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஓட்டையைத் தேடிப் புறப்படுவது இயல்பு. அந்தத் தேடல் பெரும்பாலும் வீணாகிறது. ஏனெனில் நீர் தெரியும் இடத்துக்கும் அது நுழைந்த இடத்துக்கும் இடையே பல மீட்டர் தொலைவு இருக்கலாம். ஓட்டு வீட்டில் மழைநீர் உடைந்த ஓட்டுக்கு நேர்கீழே சொட்டாமல், கைமரத்தின் வழியே ஓடி எங்கோ ஒரு மூலையில் சொட்டுவது போல, படகிலும் நீர் மின்கம்பிகளைப் பற்றிக்கொண்டும், அலமாரிகளின் பின்புறமாகவும், அறையின் உட்சுவராக அமைந்த ஃபைபர் வார்ப்புக்கும் வெளியுடலுக்கும் இடைப்பட்ட கண்ணுக்கெட்டாத இடுக்கின் வழியாகவும் இறங்கி, கடைசியில் அடிக்குழியில்தான் வெளிப்படுகிறது. ஆகவே ‘எங்கே’ என்ற கேள்வியைச் சிறிது ஒத்திவைத்து, ‘எப்போது’ என்று முதலில் கேட்பவருக்கே ஒழுக்கு விரைவில் பிடிபடுகிறது.

அதற்கும் முன்னதாக, வந்திருப்பது உப்புநீரா நன்னீரா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் நாக்கே போதுமான கருவிதான் என்றாலும், அடிக்குழியில் டீசலும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அந்தச் சோதனை பரிந்துரைக்கத் தக்கதன்று. வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில துளிகளை விட்டால், குழாய்நீர் இலேசாகக் கலங்கும். கடல்நீரிலோ கெட்டியான வெண்படிவு திரளும். நன்னீர் எனில் மழை, குடிநீர்த் தொட்டி, பனிப்பெட்டியின் வடிகால், குளிர்ந்த உட்சுவரில் படியும் ஈரம் ஆகிய நான்கில் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும். இதில் ஒரு பொறி உண்டு. நெடுநாள் கடலில் திரிந்த படகின் அடியில் உலர்ந்த உப்பு படிந்திருக்கும். அதன்மேல் வடியும் மழைநீரும் உவர்ப்பாகிவிடும். எனவே அடிக்குழியை நன்னீரால் கழுவி, முழுவதுமாகத் துடைத்து உலர்த்திய பிறகு சேரும் நீரையே சோதனைக்கு எடுக்க வேண்டும்.

இனி, நேரத்தின் கணக்கு. ஒரு குறிப்பேட்டில் நாளும், இறைத்த நீரின் அளவும், மழை பெய்ததா, இயந்திரம் ஓடியதா, படகு எந்தப் பக்கம் சாய்ந்து பயணம் செய்தது, தொட்டி நிரப்பப்பட்டதா என்பனவும் எழுதப்பட்டுவந்தால், ஓரிரு வாரங்களில் ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்கும். அளவைக் குறிப்பது அற்பமான வேலையன்று: நொடிக்கு ஒரு துளி என்ற மெல்லிய சொட்டுகூட ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் சேர்த்துவிடும் என்பதால், வாளியின் பருமனைக் கண்டு அஞ்சுபவர் இல்லாத பெரிய ஓட்டையைத் தேடுவார். உண்மையான ஓட்டை வேறு வகையானது. நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்று பிய்ந்துபோனால், நிமிடத்துக்கு 75 லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். அந்த நிலையில் குறிப்பேடு தேவைப்படாது, மரக்கட்டை அடைப்பான்தான் தேவைப்படும்.

அசையாத நீரில் கட்டிக்கிடக்கும்போதும் உப்புநீர் சீராக ஏறினால், ஐயத்துக்குரிய இடங்கள் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளவை: உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்களின் கடல்வால்வுகள், சுக்கான் தண்டு, ஏராவைப் பிணைக்கும் போல்ட்டுகள். ஏரா என்பது படகின் முதுகெலும்பாக அடியில் நீண்டிருந்து அதைக் கவிழாமல் காக்கும் பகுதி. இயந்திரம் ஓடும்போது மட்டும் நீர் மிகுமானால், படகை உந்தும் விசிறியைச் சுழற்றும் தண்டு உடலைத் துளைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்; மெழுகூட்டிய நார்க்கயிற்றைத் திணித்து இறுக்கும் பழைய அமைப்பில், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் விழுவது குறையாகாது, அந்த நீரே தண்டைக் குளிர்விக்கிறது. நின்ற பிறகும் சொட்டினால்தான் இறுக்கவோ நாரை மாற்றவோ வேண்டும்.

படகு ஒரு பக்கம் சாய்ந்து செல்லும்போது மட்டும் நீர் வருவது பலரைத் திகைக்கவைக்கும் நிலை. அப்போது வழக்கமாகக் காற்றில் இருக்கும் பகுதி நீரில் மூழ்குகிறது என்பதை நினைவில் கொண்டால் விடை எளிது: உடலும் மேல்தளமும் சந்திக்கும் நீண்ட பொருத்தில் எங்கோ பூச்சு காய்ந்து விரிந்திருக்கும். அல்லது நீரை வெளியேற்றும் பம்பின் வாய் மூழ்கி, குழாய் முழுதும் நிரம்பி, காற்றுப்புகு வளைவு இல்லாத காரணத்தால் கடலே அதன் வழியாகத் திரும்ப உள்ளே இழுக்கப்படும். காக்க வைத்த பம்பே படகை நிரப்பும் இந்த விபரீதம் பழைய படகுகளில் அரிதன்று.

‘எப்போது’ என்ற கேள்வியின் வலிமைக்கு மிகச் சிறந்த சான்று ‘சுஹைலி’. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட இந்த 32 அடிப் படகில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதராக 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். அட்லாண்டிக்கில் கேப் வெர்டே தீவுகளுக்குத் தெற்கே சென்றபோது, இறைக்க வேண்டிய நீர் மிகுந்துகொண்டே போனது. அவர் கடலில் குதித்து அடியைப் பார்த்தபோது, ஏராவும் உடலும் சேரும் பொருத்தில் பல அடி நீளத்துக்கு இடைவெளி தெரிந்தது. படகு அலையில் ஆட ஆட அந்த இடைவெளி திறந்து மூடியது. துறைமுகத்தின் அமைதியில் மூடிக்கிடக்கும் இத்தகைய வாயைக் கரையில் நின்று தேடுபவர் காணவே முடியாது. பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். அவர் மூச்சை அடக்கி மூழ்கி மூழ்கி அதைச் செய்ய முயன்றபோது, பஞ்சு தங்காமல் வெளியே வந்துவிட்டது. பிறகு நீண்ட கித்தான் துண்டில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, பொருத்தின்மேல் ஆணிகளால் அறைந்து, அதன்மேல் செப்புத் தகட்டையும் பொருத்தினார். வெண்ணிற உடல் சுறாக்களை ஈர்க்காதிருக்கக் கறுப்புச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்துகொண்டார். அப்படியும் ஒரு சுறா வந்து சுற்றியது, அதைத் துப்பாக்கியால் சுட்ட பிறகே வேலை தொடர்ந்தது.

ஃபைபர் படகுகளின் கதை வேறு. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘பியர்சன் டிரைட்டன்’ அறிமுகமானதையொட்டிப் பெருகிய இவ்வகைப் படகுகளுக்கு உடலில் பலகைப் பொருத்துகள் இல்லை என்பதால், ஒழுக்கு பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. இவற்றில் பலவற்றின் மேல்தளம் இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளும் அவற்றுக்கிடையே பால்சா என்னும் எடை குறைந்த மரமும் சேர்ந்த அடுக்கு. ஓரக் கம்பிகளைத் தாங்கும் குத்துக்கால்களும் கப்பிகளும் இந்த அடுக்கைத் துளைத்தே போல்ட்டுகளால் முடுக்கப்படுகின்றன. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்கள் கோக்கப்பட்ட எஃகுப் பட்டைகளும் பெரும்பாலும் அதைத் துளைத்தே உள்ளே இறங்குகின்றன. துளையைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை முதுமையில் இறுகி விலகும்போது, நீர் அறைக்குள் சொட்டுவதற்கு முன்பே பால்சாவை ஊறவைத்து அழுகச் செய்கிறது. கால்பட்டால் தளம் அமிழ்வதும், சுத்தியலின் பிடியால் தட்டினால் மந்தமான ஒலி எழுவதும் இதன் அடையாளங்கள். எஃகுப் பட்டைக்கோ இன்னும் பெரிய ஆபத்து: துருப்பிடிக்காத எஃகு தன்னைக் காக்கும் படலத்தைப் புதுப்பிக்க ஆக்சிஜன் வேண்டும், ஈரம் தேங்கிய, காற்றுப் புகாத இடுக்கில் அது கிடைக்காமல் உள்ளுக்குள் அரிக்கப்பட்டு, ஒருநாள் பாய்மரத்தையே சாய்த்துவிடக்கூடும். படுக்கை நனைவதுதான் ஒழுக்கின் தீமை என்று எண்ணுபவர்கள் இந்தப் பட்டைகளை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

மழைக்குப் பின் மட்டும் நீர் சேரும் படகில் சோதனை செய்ய இருவர் தேவை. ஒருவர் உள்ளே விளக்குடன் அமர, மற்றவர் ரப்பர் குழாயால் நீரை மெதுவாகத் தளத்தின் தாழ்ந்த பகுதியிலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் சில நிமிடங்கள் நிறுத்தி, படிப்படியாக மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். ஐயப்படும் ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு உணவுச் சாயத்தைக் கலப்பதும், உள்ளே நீர்த்தடம் பதியும்படி முகமாவு தூவிவைப்பதும் உதவும். இவையும் பயன்படாதபோது, திறப்புகளையெல்லாம் மூடி, ஊதுவிசிறியால் உள்ளே காற்றழுத்தத்தைச் சிறிதளவே உயர்த்தி, வெளியே சோப்புநீர் பூசினால், ஒழுகும் இடத்தில் குமிழிகள் எழும். இத்தனைக்குப் பிறகும் மழைநாளில் அடிக்குழி நனைந்தால், பாய்மரம் தளத்தைத் துளைத்து ஏராவில் ஊன்றிய வகையா என்று பார்க்கலாம். அவ்வாறாயின் உச்சியில் கயிறுகள் நுழையும் துளைகள் வழியே மழை குழாய்மரத்தின் உள்ளாகவே இறங்கும், அதைத் தடுக்க முனைவது வீண் வேலை.

இடம் தெரிந்தபின் மேலாக சிலிக்கோனைப் பூசி மறைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அது உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாது, பிறகு எந்தப் பசையும் அங்கே ஒட்டவும் விடாது. குத்துக்காலையோ கப்பியையோ கழற்றி, துளையைப் பெரிதாக்கி, அழுகிய பால்சாவைச் சுரண்டி, நன்கு உலர்த்தி, கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் போல்ட்டுக்கு ஏற்ற துளையைப் புதிதாக இட்டால், பசை மீண்டும் விலகினாலும் மரம் நனையாது. பின்னர் பியூட்டைல் நாடாவோ பாலிசல்ஃபைடு பசையோ இட்டு முடுக்கலாம். பிளாஸ்டிக் சன்னல்களைப் பாலிசல்ஃபைடு தாக்கும் என்பதால் அங்கே மட்டும் அதை விலக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் பூசுவதைவிட, ஒன்றை முடித்து, அடுத்த மழை வரும்வரை குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதிவிட்டு அடுத்ததைத் தொடுவது நல்லது. பழைய படகுகளில் ஒழுக்கு ஒன்றாக இருப்பது அபூர்வம்.