ஆறு லட்சம் ரூபாய்க் குதிரை

பண்ணைக்காடு

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படங்களை உன் அத்தையும் நானும் பார்த்தோம். குதிரை அழகுதான். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் விலை ஆறு லட்சம் என்கிறாய். அதற்காக அடிவாரத் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கப் போவதாக உன் அம்மா சொன்னாள். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்த பிறகு முடிவெடு.

முதலில் அந்த இனத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். மார்வாரி நல்ல இனம். ஜோத்பூரை ஆண்ட ராத்தோர்கள் போருக்கென்று வளர்த்த குதிரை அது. பாலைவனத்து வெயிலையும் நீண்ட ஓட்டத்தையும் தாங்கும். ரேவால் என்று ஒரு நடை அதற்குப் பிறவியிலேயே உண்டு. அந்த நடையில் போனால் மேலே இருப்பவன் உடம்பு குலுங்காது. நாடு விடுதலை பெற்று ஜாகீர்கள் ஒழிந்த பிறகு தீனி போட ஆளில்லாமல் அந்த இனம் அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. சுட்டுக் கொன்றார்கள், பொதி சுமக்க விற்றார்கள். சிலர் பிடிவாதமாக வைத்துக் காப்பாற்றியதால்தான் இன்றைக்கு நம் அந்தியூர்ச் சந்தை வரைக்கும் வந்து நிற்கிறது. ஆகவே அந்தக் குதிரையைக் குறை சொல்ல நான் வரவில்லை. கொடைக்கானலில், ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் உன் வீட்டுக் கொட்டகையில் அது என்ன செய்யப்போகிறது என்பதுதான் என் கவலை.

அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைக்கு எப்படி விலை ஏறுகிறது என்று பார்த்திருப்பாய். எத்தனை இஞ்ச் என்று கேட்பார்கள். 62 இஞ்ச் என்றால் ஒரு விலை, 64 என்றால் இன்னொரு விலை. அப்புறம் காது, அப்புறம் நிறம், அப்புறம் சுழி. நெற்றியில் சுழி எங்கே இருக்கிறது, கழுத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரே வயசு, ஒரே உடல்வாகுள்ள இரண்டு குதிரைகளில் ஒன்றை இன்னொன்றைவிடப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். உயரம், காது, நிறம், சுழி இந்த நான்கில் எதுவும் குளம்பைப் பற்றியதில்லை, மூச்சைப் பற்றியதில்லை, முன்னங்கால் எலும்பைப் பற்றியதில்லை. கால்நடைத் துறையில் என் காலம் முழுக்க இந்த மலையில்தான் கழிந்தது. மலைக் குதிரை படுத்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிடும்போதெல்லாம் நான் போய்ப் பார்த்தது குளம்பையும் வயிற்றையும்தான்.

நுக்ரா என்று தரகர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நுக்ரா என்பது நிறம். வெள்ளை மயிர், அடியில் இளஞ்சிவப்புத் தோல். கல்யாண ஊர்வலத்துக்கும் சடங்கு வீட்டுக்கும் கேட்கிறார்கள் என்பதால் அதற்கு ஒரு மவுசு. ஆனால் கருநிறம் இல்லாத தோல் வெயிலில் எரியும். கண்ணோரமும் மூக்கு நுனியும் முதலில் புண்ணாகும். குளிராக இருக்கிறதே என்று நாம் ஏமாந்துபோகிறோம். உயரம் ஏற ஏற வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும். கோடையில் ஏப்ரல், மே மாதம் முழுக்க ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்க வேண்டிய குதிரைக்கு அந்தத் தோல் வேண்டாம்.

ஆண் குதிரை, காயடிக்காதது என்றும் சொன்னாய். இதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ரோடு. அதில் சைக்கிள், கார் ஹாரன், பலூன், குழந்தைகள், நடுவில் மற்றவர்களின் பெண்குதிரைகள். பருவத்தில் இருக்கும் ஒரு பெண்குதிரை எதிரே வந்தால் உன் குதிரை முன்னங்காலைத் தூக்கும். அப்போது முதுகில் இருப்பது எந்த ஊரிலிருந்தோ வந்த ஆறு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். காயடித்துவிடலாம் என்றால், நீ போட்ட இன்னொரு கணக்கு போய்விடும். இனப்பெருக்கத்துக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்கிறாயே, இந்த மலையில் பதிவுள்ள மார்வாரிப் பெண்குதிரை யாரிடம் இருக்கிறது? ஒவ்வொரு தடவையும் லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும்.

இப்படி ஆசைப்பட்டவர்களில் நீ முதல் ஆள் இல்லை. நம் மதுரைச் சீமையே ஒரு காலத்தில் வெளிநாட்டுக் குதிரைக்காகப் பொன்னை அள்ளிக் கொட்டியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதேபோல வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு குதிரையின் விலையும் 100 மார்க் வெள்ளிக்கு மேல். வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் சொல்வது இன்னும் விவரமாக இருக்கிறது. கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் தருவதாக ஒப்பந்தம், ஒன்றுக்கு 220 பொன் தினார், கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன்தான் பணம் கட்ட வேண்டும். காயல் துறையில் வந்து இறங்கிய அந்தக் குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் வெண்ணெயில் வேகவைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். போலோவோ சோற்றோடு இறைச்சி கலந்து போட்டார்கள் என்கிறார். இரண்டில் எதைத் தின்றாலும் குதிரை வயிறு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

எண்ணிக்கையை அவர்கள் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் போலோ சொல்லும் காரணத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குதிரையைப் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. விற்கிற வியாபாரிகள் லாடம் கட்டுகிறவரைத் தங்களோடு கூட்டி வருவதில்லை, வேறு யாரும் வரவும் விடுவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு வியாபாரம்? வாதவூரரிடம் குதிரை வாங்கி வரப் பொன்னைக் கொடுத்து அனுப்பிய பாண்டியன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். குதிரை வாங்கக் கஜானாவைத் திறந்த ராஜாக்கள் லாயத்துக்கு ஆள் தேடவில்லை. நீயும் கடிதம் முழுக்க வாங்குவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய். யார் லாடம் கட்டுவார் என்று ஒரு வரிகூட இல்லை.

அதனால் பராமரிப்பைச் சொல்கிறேன். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிலோ அளவுக்கு உலர்ந்த தீனி போக வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், ஆகவே புல்லாக மட்டும் போட்டால் நாற்பது கிலோ வரை வெட்ட வேண்டும். வைக்கோல் வத்தலக்குண்டிலிருந்து ஏறி வர வேண்டும், கொள்ளும் தவிடும் அப்படித்தான். உன் அப்பா வைத்திருக்கும் மட்டக்குதிரைகள் இதில் பாதி தின்னும். கேரட் தழையும் மேட்டுப் புல்லுமாக மீதியை ஒப்பேற்றிக்கொள்ளும். லாடத்தை ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைத் தரை காயாமல் இருந்தால் குளம்பு அழுகும். வறண்ட மண்ணில் பிறந்த குதிரைக்கு அந்த ஈரம் பழக்கமில்லை. இரவில் வயிறு வலித்துப் புரண்டால் விடிவதற்குள் டாக்டர் வர வேண்டும். கொடைக்கானலில் அந்த நேரத்துக்கு யாரைக் கூப்பிடுவாய்?

வருமானப் பக்கமும் நீ நினைப்பதுபோல் இல்லை. ஏரிக்கரையில் சவாரி வருகிறவர் தூரத்துக்குத்தான் காசு கொடுக்கிறார், இனத்துக்கு இல்லை. மார்வாரி என்று சொன்னாலும் மட்டம் என்று சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான். படம் எடுக்க வெள்ளைக் குதிரையைத் தேடி வருவார்கள் என்பது உண்மை, ஆனால் அது சீசனோடு சரி. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். மலைக்கு அது நல்லதுதான். ஆனால் ஒத்தி வைத்த கடனை இரண்டு சீசனில் அடைத்துவிடலாம் என்ற உன் கணக்குக்கு அது இடம் கொடுக்காது.

மார்வாரியைப் பார்க்கிற கண்ணால் நம் மட்டக்குதிரையையும் கொஞ்சம் பார். வெள்ளகவிக்குப் போகிற பாதை உனக்குத் தெரியும். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலுக்கு வந்த பழைய வழியும் அதுதான். ஆள் டோலியில், சாமான் குதிரை முதுகில். அரிசி மூட்டையிலிருந்து வாக்குப் பதிவு இயந்திரம் வரை அந்தப் பாதையில் சுமந்து போனவை நம் கட்டைக் குதிரைகள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளையும் படிக்கட்டு வயலிலிருந்து ரோட்டுக்கு வருவதும் அவற்றின் முதுகில்தான். குட்டையான கால், அகன்ற நெஞ்சு, கெட்டியான சின்னக் குளம்பு. செங்குத்தான சறுக்கலில் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தமாதிரி இறங்கும். இவற்றுக்குப் பதிவுப் புத்தகம் கிடையாது, பெயரும் கிடையாது, சந்தையில் யாரும் இஞ்ச் கேட்பதில்லை. இந்த மலையின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய மிருகத்துக்கு நாம் ஒரு பெயர்கூட வைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. அதற்குக் காட்டும் நன்றியும் குறைவு. பொதி மிருகங்களுக்கான 1965 விதிப்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்? நம் வீட்டிலாவது பாருங்கள்.

நீ கேட்கலாம், சம்பாத்தியத்துக்கு இல்லை மாமா, ஆசைக்கு என்று. ஆசைக்கு வாங்குவது பாவமில்லை. ஆனால் ஆசைக்கு வாங்குகிற குதிரையைக் கடனில் வாங்காதே. தீனிச் செலவு கையைக் கடிக்கிற மாதம் வரும், அப்போது பட்டினி கிடப்பது குதிரை. ஏரிக்கரையில் சீசன் முடிந்ததும் எலும்பு தெரிய அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து எச்சில் தின்பதை நீயும் பார்த்திருக்கிறாய். அவற்றையும் ஒரு காலத்தில் ஆசையாகத்தான் வாங்கியிருப்பார்கள்.

என் யோசனை இது. ஆறு லட்சத்தில் நாலில் ஒரு பங்கு போதும். தாண்டிக்குடிப் பக்கம் பொதி சுமந்து பழகிய, ஐந்தாறு வயதுப் பெண்குதிரை ஒன்று பார்க்கலாம். தரகர் சொல்கிற வயதை நம்பாமல் பல்லைப் பிடித்துப் பார். ஐந்து வயதில் முன்பல் எல்லாம் நிரந்தரப் பல்லாக நிரம்பியிருக்கும். அதற்கப்புறம் கீழ்ப்பல்லின் குழி தேய்ந்துகொண்டே வரும். மீதியில் கொட்டகைக்குக் கல் பாவி வடிகால் எடு, ரணஜன்னி ஊசி போடு, நல்ல சேணம் வாங்கு. லாடம் கட்டுகிற வேலையை நீயே கற்றுக்கொள். இந்த மலையில் அதைச் சரியாகச் செய்கிறவர்கள் வயதாகிக்கொண்டே வருகிறார்கள், இளையவர் யாரும் கையில் எடுக்கவில்லை. அது கைவந்தால் மழைக்காலத்திலும் உனக்கு வேலை இருக்கும்.

கொட்டகையும் கையில் கொஞ்சம் சேமிப்பும் ஆன பிறகும் மார்வாரி மேல் மனசு இருந்தால், அப்போது நானே உன்னோடு வருகிறேன். தரகர் வேண்டாம், வளர்ப்பவரிடமே நேராகப் போகலாம். பதிவான குதிரைக்கு மைக்ரோசிப்பும் பாஸ்போர்ட்டும் இருக்கும். அதைக் காட்டச் சொல்லலாம். நுக்ரா வேண்டாம், கருஞ்சிவப்போ பழுப்போ பார்ப்போம்.

இந்த வாரத்துக்குள் தரகருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவசரப்படுத்துகிறவரிடம் குதிரை வாங்காதே. முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டாயா, கொடுத்திருந்தால் எவ்வளவு, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று உடனே எனக்குத் தெரியப்படுத்து. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நான் மேலே வருகிறேன். தோட்டத்துப் பத்திரத்தை அதுவரை வீட்டிலேயே வை.

அன்புடன்,
மாமா