தொன்மையும் சான்றும்

நுழையும்முன்

பழமையைப் போற்றுதல் பண்பாட்டின் அடையாளம். பழமை குறித்த கூற்றுகளை ஆராய்ந்து ஏற்றல் அறிவின் கடமை. இவ்விரண்டும் சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதுவதுண்டு. மூழ்கிய கண்டம், கடலடிக் கல்வடிவம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடைத்த இரும்பு ஆகிய மூன்றின் வழியாக, ஒரு வரலாற்றுக் கருத்து எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாறைமேல் எழுந்த வினா

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் மத்தூர். கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் எல்லைகளாகக் கொண்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒலிக்கின்றன. ஓசூர் தொடங்கிப் பர்கூர், போச்சம்பள்ளி வரை தொழிற்பேட்டைகள் பெருகியுள்ள இம்மாவட்டம், மாந்தோப்புகளுக்கும் கருங்கல் குன்றுகளுக்கும் பெயர்பெற்றது. அக்குன்றுகள் சிலவற்றின்மீது பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. அவற்றுள் மல்லசந்திரத்துக் கல்திட்டைகள் குறிப்பிடத்தக்கவை. பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு, ஒரு பக்கக் கல்லில் வட்டமான இடுதுளை அமைப்பது கல்திட்டைகள் பலவற்றின் அமைப்பு.

இத்தகைய சின்னங்களைத் தமிழக மக்கள் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் வழங்கி வந்துள்ளனர். இவ்வளவு பெரிய கற்களைச் சாதாரண மனிதர் தூக்கியிருக்க இயலுமா? இச்சிறு துளையின் வழியே முழு உயரமுள்ள மனிதர் நுழைந்திருக்க முடியுமா? இவ்வினாக்களுக்கு மக்கள் தங்கள் கற்பனையால் கண்ட விடைகளே அப்பெயர்கள்.

வினாக்கள் நியாயமானவை. விடைகளைத்தான் சோதித்தல் வேண்டும். பெருங்கற்காலச் சின்னங்களை அகழ்ந்த இடங்களில் மனித எலும்புகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் ஆகியவை கிடைத்துள்ளன. எனவே இவை இறந்தோர் நினைவாக எடுக்கப்பட்டவை என்று அறிஞர்கள் முடிவுசெய்தனர். பாறையைத் தீயால் சூடேற்றிப் பலகையாகப் பெயர்த்தெடுக்கும் முறை, அண்மைக்காலம் வரை தென்னிந்தியக் கற்பணியாளரிடம் வழக்கில் இருந்தது. தெய்வப் பிறவிகளோ விந்தை மனிதரோ செய்ததாகக் கருதப்பட்ட பணி, உழைக்கும் மக்களின் கைத்திறனாகத் தெளிவுபெற்றது.

மூழ்கிய கண்டம்

தமிழரின் தொன்மை குறித்த கருத்துகளுள் பரவலாக அறியப்பட்டது குமரிக்கண்டம். இதற்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. முதலாவது இலக்கிய மரபு. இறையனார் களவியல் உரை, முச்சங்கங்கள் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவியதாகக் கூறுகிறது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நிலப்பரப்பில் 49 நாடுகள் இருந்ததாக உரைக்கிறார்.

இரண்டாவது ஊற்று ஐரோப்பிய விலங்கியல். லெமூர் விலங்குகள் மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. அவற்றோடு உறவுடைய விலங்கினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ளன. நடுவே பெருங்கடல் இருக்க, இவை பரவியது எவ்வாறு? 1864ஆம் ஆண்டில் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் பிலிப் ஸ்கிலேட்டர், மூழ்கிப்போன நிலப்பகுதி ஒன்று இவற்றை இணைத்திருக்கலாம் என்று கருதி, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். அக்காலத்துச் சான்றுகளைக் கொண்டு நோக்கின், அது பொருத்தமான கருதுகோளே ஆகும். பின்னர் இலக்கியத்தின் கடல்கோளும் விலங்கியலின் லெமூரியாவும் ஒன்றெனக் கருதப்பட்டன. தமிழின் தனித்தன்மையும் பழமையும் உரிய மதிப்பைப் பெறாதிருந்த காலத்தில், இக்கருத்து தமிழறிஞர் பலருக்கு ஊன்றுகோலாக அமைந்தது.

1912ஆம் ஆண்டில் ஆல்பிரட் வெக்னர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். 1960களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பது தெளிவாயிற்று. இந்தியப் பெருங்கடலின் அடியில் மூழ்கிய பெருங்கண்டம் இருந்தாக வேண்டும் என்னும் தேவை மறைந்தது. இன்றைய மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே, அந்நிலப்பிரிவை மனிதர் எவரும் கண்டிருக்க இயலாது.

எனினும், கடல்கோள் பற்றிய நினைவு முழுவதும் பொய் என்று தள்ளவும் இயலாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பொழுது தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகியபோது கரையோர நிலம் பெருமளவு கடலுள் மறைந்தது. கரையோரம் மூழ்கியது என்பதற்குச் சான்று உண்டு. கண்டம் மூழ்கியது என்பதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை உணர்தலே ஆய்வின் முதற்படி.

கடலடியில் ஒரு கல்வடிவம்

பூம்புகார்க் கடற்பகுதியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஆய்வு நடத்தியது. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாட வடிவில் ஒரு கல்லமைப்பு காணப்பட்டது. பிரித்தானிய எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக் அதனை 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அவ்விடம் நிலமாக இருந்தது 11,000 ஆண்டுகளுக்கு முன். எனவே அவ்வமைப்பைக் கட்டிய நாகரிகமும் அவ்வளவு பழமையானது என்பது அவரது வாதம்.

இவ்வாதத்தின் இடைவெளி யாது? கடலின் ஆழம், அவ்விடம் எப்போது மூழ்கியது என்பதைக் கணிக்க உதவலாம். அக்கற்கள் மனிதரால் அடுக்கப்பட்டவையா, இயற்கையாக அமைந்தவையா என்பதை அது கூறாது. மனிதர் அமைத்ததென நிறுவ, அதனோடு தொடர்புடைய பானையோடு, கருவி, அடுப்புக்கரி முதலிய வாழ்வியல் தடயங்கள் வேண்டும். 11,000 ஆண்டுப் பழமைக்கு உரிய அத்தகைய தடயங்கள் அங்குக் கிடைக்கவில்லை. அதே வட்டாரத்துக் கீழையூரில், தொல்லியல் துறையினர் அகழ்ந்த செங்கல் படகுத்துறையோ கி.மு. 3ஆம் நூற்றாண்டினது என அறிவியல் முறையில் காலம் கணிக்கப்பட்டது. வியப்பூட்டும் அளவில் சிறியதாயினும் உறுதியில் அது பெரிது.

மயிலாடும்பாறை தரும் பாடம்

பழமை மிகுதியாகக் கூறப்பட்டாலே அது தவறு என்று கொள்வதும் பிழையாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021ஆம் ஆண்டில் அகழாய்வு செய்தது. இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்குகளிலிருந்து எடுக்கப்பட்ட கரி மாதிரிகள் காலக்கணிப்புக்கு அனுப்பப்பட்டன. கி.மு. 1615, கி.மு. 2172 ஆகிய காலங்கள் கிடைத்தன. 2022 மே 9ஆம் நாள் சட்டப்பேரவையில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. அதுவரை சேலம் மாவட்டத்து மாங்காட்டில் கிடைத்த இரும்பே, ஏறத்தாழ கி.மு. 1500 என்னும் காலத்தோடு, தமிழகத்தில் தொன்மையானதாகக் கருதப்பட்டது. 2025 சனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ நூல், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பைப் பதிவுசெய்துள்ளது.

இம்முடிவுகளையும் அறிஞர்கள் வினவாமல் விடவில்லை. கரி, இரும்பு செய்யப்பட்ட காலத்து மரத்தினதா, பல நூறு ஆண்டுகள் முதிர்ந்த மரத்தினதா? மண்ணடுக்கு இடையில் கலைந்ததா? பிற இடங்களிலும் இதே காலம் கிடைக்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காணும் பொருட்டே, ஒரே ஆய்வகத்தை நம்பாமல் வெவ்வேறு ஆய்வகங்களுக்கு மாதிரிகள் அனுப்பப்படுகின்றன. மேலும் சான்று வேண்டும் என்று கூறுவோர் தமிழரின் பகைவர் அல்லர். அவர்களது ஐயத்தைக் கடந்து நிற்கும் முடிவே உலகத்தாரால் ஏற்கப்படும்.

தெரிந்து தெளிவோம்

உயிருள்ளவை தம் வாழ்நாள் முழுவதும் கதிரியக்கக் கரிமத்தை ஏற்கின்றன. அவை இறந்தபின் அது சிதைந்து குறைகிறது. ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் அதன் அளவு பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு, கரி, எலும்பு, நெல்மணி ஆகியவற்றின் காலத்தைக் கணிக்கலாம். கல்லின் காலத்தை இம்முறையால் நேரடியாகக் கணிக்க இயலாது.

மாறும் முடிவும் மாறாத முறையும்

வழக்கத்திற்கு மாறான வரலாறு பேசுவோர், “அறிஞர்கள் தங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்” என்று குறைகூறுவர். அதில் சிறிது உண்மையும் உண்டு. வெக்னரின் கொள்கையே பல பத்தாண்டுகள் ஏற்கப்படாமல் இருந்தது. ஆனால், இறுதியில் அதனை ஏற்கச் செய்தது கடலடியில் கிடைத்த புதிய சான்றே. தமிழக இரும்பின் காலமும் சான்றினாலேயே முன்னோக்கிச் சென்றது. தொல்லியலில் முடிவுகள் மாறலாம். முடிவுக்கு வரும் முறை மாறுவதில்லை.

ஒரு கூற்றைக் கேட்கும்போது, “இது தவறாயின் அதனை எச்சான்று காட்டும்?” என்று வினவுதல் நன்று. லெமூரியாக் கருதுகோள் அவ்வினாவுக்கு விடையளித்து, தவறெனத் தெளிந்தது. மயிலாடும்பாறைக் காலக்கணிப்பு அச்சோதனைக்குத் தன்னை உட்படுத்தி நிற்கிறது. எச்சான்றாலும் மறுக்க இயலாதவாறு சொல்லப்படும் கூற்று, நம்பிக்கையாகலாம், வரலாறு ஆகாது.

மீட்க இயலா இழப்பு

இம்மோதலில் இழப்பு நேர்வது மண்ணுக்கே. கல்திட்டையின் அடியில் புதையல் உண்டு என்னும் கதையை நம்பித் தோண்டுவோர் உண்டு. பழங்கல்லுக்கு மதிப்பில்லை என்று கருதி, அதனைப் பெயர்த்துக் கட்டுமானத்திற்குப் பயன்படுத்துவோரும் உண்டு. சாலையும் ஆலையும் விரியும் வட்டாரத்தில் இவ்விழப்பு விரைந்து நேரும். கலைந்த மண்ணடுக்கை எவராலும் மீண்டும் அடுக்க இயலாது. அதிலிருந்த கரித்துண்டு சொல்லவிருந்த காலமும் அதனோடு அழிந்துவிடும்.

பண்பாட்டு மரபைப் பேணுதலையும் அறிவியல் மனப்பான்மையை வளர்த்தலையும் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளாக அரசியலமைப்பின் 51அ பிரிவு ஒருங்கே வைத்துள்ளது. இரண்டும் ஒன்றையொன்று தாங்குவன. மத்தூர் வட்டாரத்து நிலத்தை உழும் ஏர்முனையில் ஒரு கறுப்பு சிவப்பு ஓடு தட்டுப்படலாம். அதனைக் கண்டவர் எறியாமல், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தால், அவ்வோடு வரலாற்றின் ஒரு வரியாகும். முன்னோர் விட்டுச்சென்றது எதுவோ, அதனை உள்ளவாறே அறிய விழைதலே அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள நடுகல், கல்திட்டை, பழங்கோயில் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி வழங்கும் கதையைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அக்கதையில் சான்றால் சோதிக்கத்தக்க செய்திகளைத் தனியே பட்டியலிடுக.

2. ‘கடலின் ஆழம் கட்டுமானத்தின் காலத்தைக் காட்டாது’ – பூம்புகார் ஆய்வின் துணைகொண்டு விளக்குக.

3. மயிலாடும்பாறைக் காலக்கணிப்பை மேலும் உறுதிப்படுத்த எவ்வகைச் சான்றுகள் தேவை என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.