ஒரே படத்தில் வெயிலும் நிழலும்



செல்போன் கேமராவில் ஹெச்.டி.ஆர். என்று மூன்று எழுத்து இருக்கும், பார்த்திருப்பீங்க. ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம் அது. இது படத்துக்குப் போடும் மேக்கப் மட்டும்தானா? இல்லை, பயன்பாட்டுப் புகைப்படக்கலையில் சேருமா? பார்ப்போம்.

பிரச்சினை என்ன?

வகுப்பறைக்குள் நின்னு, ஜன்னலோரம் இருப்பவரைப் படம் எடுங்க. வெளியே மரம் தெளிவா விழுந்தா முகம் கறுத்துடும். முகம் தெளிவா விழுந்தா ஜன்னல் வெளுத்துடும். நம் கண் இரண்டையும் சமாளிக்கும். கேமராவால் ஒரே கிளிக்கில் அது முடியாது.

எப்படிச் செய்கிறார்கள்?

கேமராவை அசையாமல் ஸ்டாண்டில் வைத்து, ஒரே காட்சியை 1/500, 1/125, 1/30 வினாடி என்று மூன்று முறை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மடங்கு வெளிச்சம் கூடும். முதல் படத்தில் வெயில், கடைசிப் படத்தில் இருட்டு மூலை நன்றாக விழும். மூன்றையும் கம்ப்யூட்டர் சேர்த்துவிடும். இடையில் இலை ஆடினாலோ ஆள் நகர்ந்தாலோ பேய் மாதிரி இரட்டை உருவம் வரும்! அதுதான் இதன் குறை.

யாருக்குப் பயன்பட்டது?

1. 1850-களில் பிரான்சின் கஸ்தாவ் லெ கிரே கடலைப் படம் எடுத்தார். அக்காலத் தகடுகளில் கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார்.

2. அமெரிக்காவின் சார்லஸ் வைக்காஃப், அணுகுண்டுச் சோதனைகளைப் படம் பிடிக்க, உணர்திறன் வேறுபட்ட மூன்று அடுக்குகள் கொண்ட ஃபிலிம் உருவாக்கினார்.

3. 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும், பல படங்களை வைத்து காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எத்தனை மடங்கு என்று கணக்கிடும் வழியை வெளியிட்டார்கள்.

4. முழு சூரிய கிரகணத்தில் தெரியும் ஒளிவளையம் உள்ளே பிரகாசம், வெளியே மங்கல். முழுசாகக் காட்ட பல படங்களைச் சேர்க்கிறார்கள்.

பொய்ப் படமா?

"கலரெல்லாம் பளபளன்னு இருக்கு, இது பொய்" என்பார்கள் சிலர். அளவுக்கு மீறினால் அப்படித்தான் ஆகும். குழம்பில் உப்பு கூடிப்போச்சுன்னா தப்பு உப்பு மேலயா, போட்ட கை மேலயா? கேமரா ஒரே தடவையில் தவறவிட்டதைத்தான் இந்த முறை திரும்பக் கொண்டுவருகிறது. இல்லாததை வரைந்து சேர்க்கவில்லை.

ஆகவே என் முடிவு: அழகுக்காக மட்டும் செய்தால் அது அலங்காரம். ஒளியை அளக்கவும் மறைந்ததைக் காட்டவும் செய்தால் அது பயன்பாட்டுப் புகைப்படக்கலையேதான்.

சிந்திக்க: கண் பார்ப்பது உண்மையா, ஒரே கிளிக்கில் கேமரா பார்ப்பது உண்மையா? உங்கள் பதிலை எழுதிக் கொடுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி